குட்டி போட்ட சேதி

2024 ஜனவரி 23 அன்று, குனோ தேசியப் பூங்காவில் ஜ்வாலா என்ற சிவிங்கிப்புலி மூன்று குட்டிகள் ஈன்றதாக ஒன்றிய சுற்றுச்சூழல் அமைச்சர் அறிவித்தார். மறுநாள் அவரே எண்ணிக்கையைத் திருத்தி நான்கு என்றார். மார்ச் மாதம் அங்கே காமினி என்ற இன்னொரு சிவிங்கிப்புலி ஈன்றபோது முதலில் ஐந்து என்று வந்தது. ஒரு வாரம் கழித்து ஆறானது. இதில் கேலி பேச ஒன்றுமில்லை. புதிதாக ஈன்ற தாய் யாரையும் கிட்டே விடாது. புல்லுக்குள் ஒன்றன்மேல் ஒன்றாகச் சுருண்டு கிடக்கும் குட்டிகளைத் தூரத்தில் நின்று எண்ணும் வனக்காவலருக்கு ஒன்றிரண்டு தப்பத்தான் செய்யும். ஆனால் எண்ணி முடிக்கும்வரை பொறுக்க முடியாத அந்த அவசரம் யாருடையது?

உயிரியல் பூங்காக்களின் பிறப்புச் சேதியைப் பேசவந்த இடத்தில், குனோ காட்டோடு சேர்ந்தது, உயிரியல் பூங்கா இல்லை என்று ஒருவர் திருத்தலாம். சேதி சொல்லும் முறை இரண்டுக்கும் ஒன்றுதான் என்பதால் அங்கிருந்து தொடங்கினோம். இதே ஜ்வாலா 2023 மார்ச்சில் முதன்முறை ஈன்றபோதும் நாடே வாழ்த்தியது. மே மாத வெயிலில் அந்த நான்கில் மூன்று இறந்தன.

நம் வீடுகளில் பிள்ளை பிறக்கும் முன் தொட்டில் வாங்க மாட்டார்கள். பிறந்த பிறகும் தீட்டுக் கழியட்டும், பெயர் வைக்க நாள் பார்க்கலாம் என்று தள்ளிப்போடுவார்கள். பார்க்க வருகிறவர் "அழகான பிள்ளை" என்று சொல்லிவிட்டால் பாட்டி கன்னத்தில் மைப்பொட்டு வைத்துவிட்டுத்தான் மறுவேலை பார்ப்பாள். மூடநம்பிக்கை என்று நாம் எழுதித் தள்ளியதுண்டு. பிறந்த பிள்ளைகள் வாரத்துக்குள் செத்துக்கொண்டிருந்த காலத்தின் அனுபவம் அதற்குள் இருக்கிறது. கூண்டில் பிறக்கும் உயிர்களுக்கு அந்தக் காலம் இன்னும் முடியவில்லை. டோக்கியோவின் உவேனோ பூங்காவில் 24 ஆண்டுகளுக்குப் பிறகு 2012 ஜூலை 5 அன்று ஒரு பாண்டாக் குட்டி பிறந்தது. ஆறே நாளில் நிமோனியாவில் இறந்தது. பூங்கா இயக்குநர் கேமராக்களின் முன் அழுதார். அதே ஆண்டு செப்டம்பரில் வாஷிங்டனில் பிறந்த பாண்டாவும் ஒரு வாரம்தான் இருந்தது. மறு ஆண்டு ஆகஸ்டில் அங்கே பிறந்த குட்டிக்கு, சீன வழக்கப்படி நூறு நாள் கழித்து, டிசம்பர் 1 அன்றுதான் பாவோ பாவோ என்று பெயர் வைத்தார்கள். மும்பை பைகுல்லா பூங்காவில் 2018 ஆகஸ்ட் 15 அன்று பெங்குவின் குஞ்சு பொரித்தபோது, இந்திய மண்ணின் முதல் பெங்குவின், அதுவும் சுதந்திர தினத்தில் என்று பத்திரிகைகள் துள்ளின. 22ஆம் தேதி அது இல்லை.

குட்டியைக் காட்டிக் கூட்டம் சேர்ப்பது பழைய தொழில். 1949 நவம்பரில் லண்டன் பூங்காவில் புருமாஸ் என்ற பனிக்கரடிக் குட்டி பிறந்தது. மறு ஆண்டு அந்தப் பூங்காவுக்கு 30 லட்சம் பேர் வந்தார்கள். அத்தனை பேரும் ஆண்குட்டி என்று எண்ணிக் கொஞ்சிய புருமாஸ் பெண். பத்திரிகைகள் தப்பாக எழுதின, தப்பே நிலைத்துவிட்டது. கொஞ்ச வந்தவர்கள்தானே, ஆணா பெண்ணா என்று சரிபார்க்க வந்தவர்கள் இல்லையே!

இந்தத் தொழில் எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு பெர்லினின் குனூட் போல வேறு சாட்சி தேவையில்லை. 2006 டிசம்பர் 5 அன்று டோஸ்கா என்ற பனிக்கரடி இரண்டு குட்டிகளை ஈன்றது. டோஸ்கா பழைய சர்க்கஸ் கரடி. இரண்டையும் பாறைமேல் விட்டுவிட்டு நகர்ந்துவிட்டது. ஒன்று நான்காம் நாள் இறந்தது. எஞ்சிய குட்டிதான் குனூட். எடை 810 கிராம். தோமஸ் டோர்ஃப்லைன் என்ற பராமரிப்பாளர் பக்கத்திலேயே பாய் விரித்துப் படுத்து, புட்டிப்பால் கொடுத்து, கிட்டார் வாசித்து அதை வளர்த்தார். 2007 மார்ச் 23 அன்று குட்டியை வெளியே கொண்டுவந்தபோது உலகெங்கிலுமிருந்து நூற்றுக்கணக்கான நிருபர்கள் காத்திருந்தார்கள். குனூட் என்ற பெயர் வணிகமுத்திரையாகப் பதிவானது. பெர்லின் பூங்கா பங்குச்சந்தையில் இருந்த நிறுவனம். அதன் பங்கு விலை சில நாட்களில் இரட்டிப்பானது. குட்டியின் தகப்பன் இன்னொரு பூங்காவிலிருந்து இரவல் வந்த கரடி. அந்த நொய்முன்ஸ்டர் பூங்கா வருமானத்தில் பங்கு கேட்டு வழக்குப் போட்டது. கடைசியில் 2009இல் 4,30,000 யூரோ கொடுத்து குனூட்டைப் பெர்லின் தனதாக்கிக்கொண்டது. பிள்ளை யாருக்கு என்று தகப்பன் வீட்டாரும் தாய் வீட்டாரும் பஞ்சாயத்துக்குப் போனதை நாம் பார்த்திருக்கிறோம்; கரடிக்கும் அது நடந்தது.

வளர்த்தவர் 2008 செப்டம்பரில், 44 வயதில், மாரடைப்பில் இறந்தார். குனூட் வளர்ந்து அழுக்கேறிய பெரிய கரடியானது. படம் எடுக்க வந்தவர்கள் குறைந்தார்கள். 2011 மார்ச் 19 அன்று, நூற்றுக்கணக்கான பார்வையாளர்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, வலிப்பு வந்து சுழன்று குளத்தில் விழுந்து மூழ்கியது. வயது நான்கு. மூளையழற்சி என்றது பிரேதப் பரிசோதனை. அந்த நோய் குனூட்டுக்கு வந்ததற்கும் புகழுக்கும் சம்பந்தம் இல்லை, முடிச்சுப்போடுவது நியாயமாகாது. ஆனால் அந்தப் புகழின் நிழல் அதற்கு முன்பே வேறொரு கூண்டில் விழுந்திருந்தது. 2007 இறுதியில் நியூரம்பர்க் பூங்காவில் இரண்டு பனிக்கரடிகள் ஈன்றிருந்தன. நாங்கள் தலையிட மாட்டோம், தாயிடமே விடுவோம், இன்னொரு குனூட் வேண்டாம் என்றது நிர்வாகம். வில்மா என்ற கரடி தன் குட்டிகளைத் தின்றுவிட்டது. பத்திரிகைகள் நிர்வாகத்தை வறுத்தெடுத்தன. அடுத்து வேரா என்ற கரடி தன் குட்டியை வாயில் கவ்விக்கொண்டு அமைதியில்லாமல் அலையத் தொடங்கியதும் குட்டியைப் பிரித்து எடுத்துவிட்டார்கள். அதுதான் ஃப்ளோக்கே, மீண்டும் புட்டிப்பால், மீண்டும் படங்கள். எடுத்தது சரியா தவறா என்று இங்கிருந்து தீர்ப்புச் சொல்ல மாட்டோம். அதுவரை இருந்த கொள்கை சில நாட்களில் மாறியது. நடுவில் நடந்தது தலைப்புச் செய்திதான்.

இதன் மறுபக்கத்தில் நிற்கிறது கோபன்ஹேகன். 2014 பிப்ரவரி 9 அன்று அங்கே மாரியஸ் என்ற இளம் ஒட்டகச்சிவிங்கியைக் கொன்றார்கள். நோய் ஏதும் இல்லை. ஐரோப்பியப் பூங்காக்களின் இனப்பெருக்கத் திட்டத்தில் அதன் மரபணு ஏற்கெனவே போதுமான அளவு இருந்தது. உறவுக்குள் கலப்பு நேரக்கூடாது என்பது காரணம். குழந்தைகள் உட்படப் பார்வையாளர்கள் முன்னிலையில் உடலைக் கூறுபோட்டுப் பாடம் நடத்தினார்கள். இறைச்சி சிங்கங்களுக்குப் போனது. உலகம் கொதித்தது. அறிவியல் இயக்குநர் பெங்ட் ஹோல்ஸ்ட் தொலைக்காட்சிகளில் உட்கார்ந்து குரல் உயர்த்தாமல் பதில் சொன்னார்: எங்கள் பூங்காவில் ஆண்டுக்கு 20 முதல் 30 விலங்குகளை இப்படித்தான் கொல்கிறோம், குட்டி ஈன்று வளர்ப்பது விலங்கின் இயல்பு, அதைத் தடுக்க விரும்பவில்லை, இடம் போதாதபோது கொல்கிறோம்.

இந்த வாதத்தை நாம் ஏற்கவில்லை. இடமில்லை என்று தெரிந்தே ஈனவிட்டு, குட்டியாக இருக்கும்வரை கூட்டத்துக்குக் காட்டி, வளர்ந்தபின் கணக்கைத் தீர்ப்பது கசப்பான ஏற்பாடு. ஆனாலும் ஒன்றைச் சொல்லியாக வேண்டும்: பிறப்பைச் சொன்ன அதே குரலில் இறப்பையும் சொன்ன பூங்கா அது ஒன்றுதான் அன்று நம் கண்ணில் பட்டது. குட்டிப் படம் போட்டுவிட்டு வளர்ந்த விலங்கைப் பற்றி வாய் திறக்காத பூங்காக்களை யாரும் திட்டவில்லை.

சேதியை ஒழுங்காகச் சொல்ல முடியாது என்பதும் இல்லை. 2017 ஜனவரியில் சின்சினாட்டி பூங்காவில் ஃபியோனா என்ற நீர்யானைக் கன்று ஆறு வாரம் முன்னதாகப் பிறந்தது. சுமார் 13 கிலோ. பிழைக்கும் என்று யாரும் சொல்லவில்லை, பூங்காவும் சொல்லவில்லை. நிற்க முடியவில்லை, பால் குடிக்கவில்லை, நரம்பு கிடைக்கவில்லை, குழந்தைகள் மருத்துவமனையிலிருந்து ஆட்கள் வந்து ஊசி ஏற்றினார்கள் என்று கெட்ட நாட்களையும் அன்றன்றே எழுதினார்கள். இது முழுக்கத் தூய்மையான உள்ளத்தில் நடந்தது என்று நம்பும் அளவுக்கு நாம் அப்பாவிகள் இல்லை. எட்டு மாதம் முன்புதான், 2016 மே மாதம், கூண்டுக்குள் விழுந்த சிறுவனைக் காப்பாற்ற ஹராம்பே என்ற கொரில்லாவை அதே பூங்கா சுட்டுக் கொன்றிருந்தது. கேலியும் வசவும் தாங்காமல் ட்விட்டர் கணக்கையே மூடியிருந்தது. ஒரு கன்று அதன் பெயரை மீட்டுக் கொடுத்தது. இருந்தாலும், நோக்கம் எதுவானாலும், செய்தி முழுதாக வந்தது.

நம் ஊருக்கு வருவோம். வண்டலூரில் புலிக்குட்டிகளுக்கு முதலமைச்சர் பெயர் சூட்டுவது நமக்குப் பழகிய செய்தி. புகைப்படம், பெயர்ப்பட்டியல், ஒரு பத்தி, முடிந்தது. (தொல்காப்பிய மரபியல் இளமைப் பெயர்களைத் தனியாகப் பிரித்துச் சொல்கிறது, புலிக்குக் குருளை, யானைக்குக் கன்று. நாளிதழுக்கு எல்லாமே குட்டி. சரி, அது வேறு சண்டை.) பெயர் விவகாரம் எவ்வளவு தூரம் போகும் என்பதை 2024இல் பார்த்தோம்: சிலிகுரிப் பூங்காவில் ஒரே அடைப்பில் இருப்பதாகச் சொல்லப்பட்ட அக்பர், சீதா என்ற சிங்கங்களின் பெயருக்காகக் கொல்கத்தா உயர்நீதிமன்றம் வரை போனார்கள். அந்தச் சிங்கங்கள் என்ன தின்றன, எப்படி இருந்தன என்று ஒரு வரி நம் கண்ணில் படவில்லை.

வெள்ளைப்புலி குட்டி போட்டால் நமக்குக் கொண்டாட்டம் இரட்டிப்பு. அந்தச் செய்தியில் வர வேண்டியதும் வராததும் இது: 1951இல் ரீவா மகாராஜா பிடித்த மோகன் என்ற ஒற்றைக் குட்டியின் வழியில்தான் பெரும்பாலும் இந்த வெள்ளை மரபு பெருகியது. நிறத்தைத் தக்கவைக்க மோகனை அதன் மகள் ராதாவோடு இணைத்தார்கள். 1958இல் வெள்ளைக் குட்டிகள் பிறந்தன. அதில் ஒன்றான மோகினி 1960இல் வாஷிங்டன் போனது; ஜனாதிபதி ஐசனோவரே வரவேற்றார். நெருங்கிய உறவுக் கலப்பின் விலையாக மாறுகண்ணும் ஊனமும் அந்த வம்சத்தில் தொடர்கின்றன. வெள்ளைப்புலி தனி இனம் இல்லை. அதைப் பெருக்குவதால் காட்டுப்புலிக்கு ஒரு பயனும் இல்லை. அமெரிக்கப் பூங்காக்களின் சங்கம் 2011இல் வேண்டுமென்றே வெள்ளைப்புலி உற்பத்தி செய்வதைத் தன் உறுப்பினர்களுக்குத் தடுத்துவிட்டது. இங்கே இன்னும் "அரிய வகை வெள்ளைப்புலி" என்றே எழுதுகிறோம். எழுதுகிற 'நாம்' என்பதில் பத்திரிகைக்காரர்களும் அடக்கம். பூங்கா அனுப்பிய குறிப்பை அப்படியே அச்சுக்குக் கொடுப்பது நமக்குப் பழகிப்போனது.

ஒரு குட்டி பிறந்தது என்று குறிப்பு வந்தால் நிருபர் தொலைபேசியை எடுத்து நான்கு வார்த்தை கேட்கலாம். ஏன் இணைத்தீர்கள்? தாய் சேர்த்துக்கொண்டதா? வளர்ந்தபின் எந்த ஊர்க் கூண்டுக்குப் போகும்? போன ஆண்டுக் குட்டி இப்போது எங்கே? பூங்காக்காரர்கள் பதில் சொல்ல மாட்டார்கள் என்று கற்பனை செய்துகொள்ள வேண்டாம். அன்றாடம் கூண்டு கழுவி, இறைச்சி நறுக்கி, ராத்திரி எழுந்துபோய்ப் பார்க்கிறவர்களுக்கு இந்த விவரமெல்லாம் விரல்நுனியில் இருக்கும். கேட்பதற்குத்தான் ஆள் இல்லை.

கேட்காமலும் ஓரளவு தெரிந்துகொள்ள வழி உண்டு. 1992இல் அமைந்த மத்திய உயிரியல் பூங்கா ஆணையத்துக்கு ஒவ்வொரு பூங்காவும் ஆண்டுதோறும் இருப்புக் கணக்குக் கொடுக்கிறது. மளிகைக்கடைப் பேரேடு போலவே இருக்கும்: ஏப்ரல் 1 இருப்பு, பிறப்பு, வரவு, வெளியே போனது, இறப்பு, மார்ச் 31 இருப்பு. ஒவ்வொரு கட்டத்திலும் புள்ளி வைத்து மூன்று எண்கள். முதலாவது ஆண், இரண்டாவது பெண், மூன்றாவது பால் தெரியாதது. பக்கம் பக்கமாகப் புரட்டினால் சில வரிகளில் கண் நிற்கும். பிறப்புக் கட்டத்தில் 0.0.3. இறப்புக் கட்டத்தில் 0.0.3. ஆணா பெண்ணா என்று பார்க்கும் முன்னே போய்விட்ட மூன்று. தாய் மட்டும் வரியின் தொடக்கத்தில் 0.1.0 என்றும், கடைசியில் 0.1.0 என்றும் அப்படியே இருக்கும்.