வியர்வை சிந்த இயலாத நாளின் கூலி

உழைப்பாளியின் வியர்வை உலருமுன் அவருக்குரிய கூலியைக் கொடுத்துவிட வேண்டும் என்னும் நாயகத்தின் நல்லுரையை அறியாத முஸ்லிம் இல்லம் தமிழகத்தில் இராது. மேடைதோறும் அதனைக் கேட்கிறோம். பிள்ளைகளுக்கும் சொல்லித் தருகிறோம். ஆயின், உழைப்பாளி வியர்வை சிந்த இயலாமல் படுத்துவிடும் நாளில் நம் கடமை யாது? அதுவும், நமக்காக உழைத்ததனாலேயே அவர் படுக்க நேர்ந்திருப்பின்? இவ்வினாவை நாம் போதிய அளவு எண்ணிப் பார்த்ததில்லை.

நம்மவர் இல்லங்களில் இன்று பரவலாகக் காணப்படும் காட்சி ஒன்றுண்டு. பக்கவாதத்தால் உம்மா படுக்கையில் கிடக்கிறார். மகன்கள் அரபு நாடுகளில் இருக்கின்றனர். மருமகளுக்கோ சிறு குழந்தைகள். எனவே உம்மாவைக் கவனிக்க ஒரு பெண்மணி மாதச் சம்பளத்திற்கு அமர்த்தப்படுகிறார். உடம்பு துடைப்பதும், உணவூட்டுவதும், படுக்கைப்புண் வாராமல் இரண்டு மணிக்கொரு முறை புரட்டிப் படுக்க வைப்பதும், நாற்காலிக்குத் தூக்கி மாற்றுவதும் அவர் பணி. ஒருநாள் தூக்கும்போது இடுப்பு பிடித்துக்கொள்கிறது. நிமிர இயலவில்லை. வீட்டார் பரிவோடுதான் பேசுகின்றனர். ‘நன்றாக ஆனபின் சொல்லி அனுப்புங்கள்’ என்கின்றனர். மறுநாள் வேறொருவர் வந்துவிடுகிறார். இவர் சம்பளம் நின்றுவிடுகிறது. வேலை கைநழுவிப் போகுமே என்னும் அச்சத்தால் நான்காம் நாளே இடுப்பில் துணியை இறுகக் கட்டிக்கொண்டு, ‘இப்போது வலியில்லை’ என்று சொல்லி வந்து நிற்கிறார். நாமும் நம்பிவிடுகிறோம். நம்புவது நமக்கு வசதியாகவும் இருக்கிறது. மீண்டும் தூக்குகிறார். சில வாரங்களில் தீர்ந்திருக்கக்கூடிய வலி, ஆயுள் நோயாகிவிடுகிறது.

இஃது அவருடைய கவனக்குறைவு அன்று. படுக்கையில் இருக்கும் மனிதரைத் தூக்குவது மூட்டை தூக்குவது போன்றதன்று. உடல் நழுவும், எதிர்பாராமல் துவளும். தூக்குபவரோ குனிந்தும் திரும்பியும் நிற்க வேண்டும். நோயாளரைத் தூக்குவதில் ஒருவர் ஏற்கத்தக்க எடை, நிலைமை மிக வாய்ப்பாக இருக்கும்போதும், ஏறத்தாழ 16 கிலோவே என்று அமெரிக்கத் தொழில்நல ஆய்வு நிறுவனத்தின் பரிந்துரை கூறுகிறது. நம் உம்மாவின் எடை 60 கிலோ இருக்கலாம். அந்தச் சுமையை ஒற்றை ஆளாக நாளுக்குப் பலமுறை தூக்கச் சொன்னவர் யார்? நாமே.

பணியாளர்களின் சக்திக்கு மீறிய வேலையை அவர்கள்மீது சுமத்தலாகாது. சுமத்த நேர்ந்தால் நீங்களும் கூடநின்று உதவுங்கள் என்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அபூதர் (ரலி) அவர்களுக்கு அறிவுறுத்தியதை புகாரி ஷரீபில் காண்கிறோம். கூடநின்று உதவுதல் என்பது வெறும் நயமொழி அன்று. உம்மாவைப் புரட்டும்போது மறுபக்கத்தை வீட்டார் ஒருவர் பிடித்துக்கொள்வதுதான் அது.

நாயகம் (ஸல்) அவர்கள் அருளிய மற்றொரு செய்தி நம் உள்ளத்தில் ஆழப் பதிய வேண்டும். அடியான் ஒருவன் நோயுற்றால், உடல்நலத்தோடிருந்தபோது செய்துவந்த நற்செயல்களின் கூலி அவனுக்குத் தொடர்ந்து எழுதப்படுகிறது என்பதே அது. எண்ணிப் பாருங்கள்! நோயுற்றவன் கணக்கை அல்லாஹ் நிறுத்தி வைப்பதில்லை. நாமோ இடுப்பு பிடித்த அன்றே கணக்கை முடித்துவிடுகிறோம்.

காயமுற்றவரை அவசரப்படுத்துவதன் கேடு எத்தகையது என்பதற்கும் நம் முன்னோர் வரலாற்றில் சான்றுண்டு. பயணமொன்றில் தோழர் ஒருவருக்குக் கல் பட்டுத் தலையில் காயம். அந்நிலையில் குளிப்புக் கடமையாயிற்று. தயம்மும் செய்யலாமா என்று உடன் வந்தோரிடம் கேட்டார். தண்ணீர் இருக்கையில் சலுகை இல்லை என்றனர் அவர்கள். குளித்தார், இறந்துபோனார். செய்தியறிந்த நாயகம் (ஸல்) அவர்கள், அவர் சாவுக்குப் பொறுப்பு அப்படிச் சொன்னவர்களே என்று கடிந்து, தெரியாதபோது கேட்டறிந்திருக்க வேண்டாமா என்றார்கள். அபூதாவூதில் பதிவாகியுள்ள நிகழ்ச்சி இது. வணக்கத்திலேயே காயமுற்றவரை வற்புறுத்தலாகாது என்றால், வயிற்றுப்பாட்டுக்கான வேலையில் வற்புறுத்த நமக்கு என்ன உரிமை?

ஆனால் ஓய்வு என்பது மாதக்கணக்கில் படுத்திருப்பதும் அன்று. சாதாரண இடுப்பு வலிக்கு நீண்ட படுக்கை கேடே செய்யும். இயன்ற அளவு நடமாடிப் படிப்படியாக வழக்க நிலைக்குத் திரும்புவதே நன்று என்பது இன்றைய மருத்துவம். கால் மரத்தல், வலுவிழத்தல், சிறுநீர் கழிப்பதில் தடை ஆகியவை தோன்றினால் மட்டும் ஒரு வேளையும் தாமதியாமல் மருத்துவமனைக்கு அழைத்துச் செல்ல வேண்டும்.

படிப்படியாகத் திரும்புதல் நமக்குப் புதிய பாடமா? நின்று தொழ இயலாதவர் அமர்ந்து தொழட்டும். அதுவும் இயலாதவர் ஒருக்களித்துப் படுத்துத் தொழட்டும் என்பதன்றோ நம் மார்க்கம்! அதே முறையைப் பணியிலும் கையாளலாம். மருத்துவரின் யோசனைப்படி, திரும்பி வந்த முதல் வாரங்களில் அவர் தூக்கவே வேண்டா. உணவூட்டட்டும், மருந்து கொடுக்கட்டும், உம்மாவின் அருகிருந்து பேசட்டும். அடுத்து, இருவராகச் சேர்ந்து, உம்மாவின் கீழே விரித்த வழுக்குத் துணியால் நகர்த்தட்டும். முழுப் பணி அதற்கும் பின்னரே. உயர்த்தவும் தாழ்த்தவும் இயலும் கட்டில் ஒன்று இருப்பின், குனிந்து வளையும் துன்பம் பாதியாகக் குறையும். காயத்தை உண்டாக்கிய முறையை மாற்றாமல் காயமுற்றவரைத் திரும்ப அழைப்பது, அடுத்த காயத்திற்கு நாள் குறிப்பதாகும்.

சட்டம் இருக்கிறதே என்பீர்கள். பணியில் காயமுற்றோர்க்கு இழப்பீடு அளிக்கும் சட்டம் 1923-லும், ஈ.எஸ்.ஐ. சட்டம் 1948-லும் நம் நாட்டில் பிறந்தன. 2020-ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பில் அவை சேர்க்கப்பட்டன. ஈ.எஸ்.ஐ. பெறும் மருத்துவமனைப் பணியாளர் பணியில் காயமுற்றால், தேறும்வரை சராசரிக் கூலியில் 90 விழுக்காடு அவருக்குக் கிட்டும். ஆனால் தனி வீட்டில் தனியாளாய்ப் பணிபுரியும் பெண்ணுக்கு இவை எட்டுவது அரிது. அவருக்கு நம் நெஞ்சமே நீதிமன்றம்.

இரண்டு சம்பளம் கொடுக்க நாங்கள் செல்வந்தரா என்று கேட்போர் உண்டு. நியாயமான கேள்வியே. அதற்கு வழியும் உண்டு. பணியில் அமர்த்தும் நாளிலேயே, காயமுற்றால் இத்தனை நாள் ஊதியம், மருத்துவச் செலவு, மீண்டும் அதே வேலை என்று பேசி முடித்துவிடுங்கள். ஒப்பந்தத்தை நிறைவேற்றுவது முஃமினுக்குக் கடமை. அதற்கென்று மாதந்தோறும் பிள்ளைகள் அனைவரும் சிறு தொகை ஒதுக்கிவரட்டும். உம்மா அனைவருக்கும் உம்மாதானே? ஒப்புக்கொண்ட அத்தொகையை ஜகாத்தில் கழித்துவிட எண்ண வேண்டா. அவருக்குச் சேரவேண்டிய ஹக்கு தர்மமாகாது. அப்பெண்மணி எம்மதத்தினராயினும் இந்த ஹக்கில் வேற்றுமை இல்லை.

ஜமாஅத்தார்க்கும் ஒரு வார்த்தை. அகழ்ப்போரில் காயமுற்ற ஸஅத் இப்னு முஆத் (ரலி) அவர்கள் ருஃபைதா (ரலி) என்னும் பெண்மணியின் கூடாரத்தில் வைத்துப் பேணப்பட்டார்கள். அக்கூடாரம் மதீனாப் பள்ளிவாசலிலேயே இருந்தது. இன்று நம் பள்ளிவாசல்களில் இறந்தோரைச் சுமக்கச் சந்தூக்கு தவறாமல் இருக்கிறது. உயிரோடிருப்போரைத் தூக்க உதவும் கட்டிலும், சக்கர நாற்காலியும், வழுக்குத் துணியும் அதன் அருகே இருந்தால் எத்தனை முதுகுகள் பிழைக்கும்!

தாயின் காலடியில் சுவனத்தைத் தேடும் நாம், அத்தாயைத் தாங்கிய கரங்களை மறந்துவிடலாகாது. நம் வீட்டில் முதுகு முறிந்தவர், மறுமையில் நமக்கெதிராக நிற்கும் நிலையினின்று வல்ல அல்லாஹ் நம்மைக் காத்தருள்வானாக! ஆமீன்.