மொழியறியாத் தொண்டு

அயல்நாடு செல்லும் இளந்தொண்டர் எதிர்நோக்கும் இடர்கள் யாவை என வினவினால் வெப்பம், உணவு, நோய், தனிமை என்பனவே முதலில் எடுத்துரைக்கப்படுகின்றன. மொழியோ பயிற்சிக் காலத்துடன் முடிந்துவிடும் ஒரு பாடமாகக் கடைசியில் இடம்பெறுகின்றது. இவ்வரிசை தலைகீழானது. அயல்நாட்டு வாழ்க்கைக்கு இசைதல் என்பது பெரும்பாலும் அந்நாட்டு மொழிக்கு இசைதலேயாகும்.

அமெரிக்க சமாதானப்படையை இதற்கு எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். 1961 மார்ச்சில் ஜனாதிபதி கென்னடி தோற்றுவித்த இவ்வமைப்பின் தொண்டர்கள் 1962 இல் இலங்கைக்கும் வந்தனராதலின் இவ்வினா நமக்குப் புறம்பானதன்று. 1961 ஆம் ஆண்டின் சமாதானப்படைச் சட்டம், செல்லும் நாட்டின் மொழியைப் பேசுவதில் தமது பணிக்கு வேண்டிய அளவு நியாயமான தேர்ச்சி பெறாத எவரையும் அங்கு பணிக்கு அமர்த்தலாகாது என விதித்தது. போற்றத்தக்க விதியே. ஆயினும், பணிக்கு வேண்டிய அளவு என்ற வரையறையிலேயே அதன் குறையும் அடங்கியுள்ளது. ஆங்கிலத்திற் கணிதம் கற்பிப்பவருக்கு வகுப்பறையில் ஊர்மொழி தேவைப்படாதிருக்கலாம். அவர் வாழ்வது வகுப்பறையில் மட்டுமா? சந்தையில் விலை பேசுவதும், அயல்வீட்டு இழவிற் கலந்து ஆறுதல் கூறுவதும், மாணவனின் தாயுடன் அவன் படிப்பைப்பற்றி உரையாடுவதும் எந்தப் பணிப்பட்டியலிலும் எழுதப்படுவதில்லை. ஊரார் ஒருவரைத் தம்மவராக ஏற்பதும் மறுப்பதும் இவற்றைக் கொண்டேயாகும்.

1961 ஓகஸ்டில் கானாவின் தலைநகர் அக்ராவில் வந்திறங்கிய முதற்குழுவினர் விமான நிலையத்தில் ட்வி மொழியில் ஒரு பாடலைப் பாடினர், கேட்டோர் மகிழ்ந்தனர். அதே ஆண்டு ஒக்டோபரில் நைஜீரியாவின் இபதான் நகரில் நிகழ்ந்தது வேறு. நாட்டுக்கு வந்து சில வாரங்களேயான ஒரு தொண்டர், மக்கள் தெருவிலேயே சமைத்து, விற்று, வாழும் பின்தங்கிய நிலை என்ற கருத்துப்பட எழுதிய தபாலட்டை பல்கலைக்கழகக் கல்லூரி மாணவர் கைக்கெட்டியது. கிளர்ச்சி மூண்டது, அவர் நாடு திரும்ப நேர்ந்தது. கடிதம் எழுதுகையில் விழிப்பு வேண்டும் என்பதையே பலர் இதிலிருந்து பாடமாகக் கொண்டனர். உண்மைப் பாடம் வேறாகும். தெருவில் வாழ்வோரிடம் யொரூபா மொழியில் உரையாடிக் காரணம் கேட்டறியும் ஆற்றல் வருமுன்னரே அவர்களைப்பற்றிய தீர்ப்பு எழுதப்பட்டுவிட்டது. மொழியற்ற கண் காண்பது பாதியே. மறுபாதியை அது தன் நாட்டு எண்ணங்களால் நிரப்பிக்கொள்கின்றது.

இரண்டாண்டுகளே தங்குபவர் கடினமான மொழியொன்றை எங்ஙனம் கற்பார் எனச் சிலர் வாதிடுவர். அமெரிக்க வெளிநாட்டுச் சேவை நிறுவகம் தமிழ் போன்ற மொழிகளுக்கு ஏறத்தாழ 44 வாரங்களை, அதாவது 1100 வகுப்பு மணித்தியாலங்களை வேண்டிய காலமாகக் கணித்துள்ளது. தொண்டருக்குக் கிடைக்கும் தொடக்கப் பயிற்சியோ மூன்று மாதமளவினது. தொழில்நுட்பமும் சுகாதாரமும் அதற்குள்ளேயே அடங்கவேண்டும். இக்கணக்கு மொழியைக் கைவிடுவதற்குச் சான்றாகாது. பயிற்சி மூன்று மாதத்துடன் முடிதலாகாது என்பதற்கே சான்றாகும். தொடக்க காலத்தில் அமெரிக்கப் பல்கலைக்கழகங்களிலேயே பெரிதும் நடைபெற்ற பயிற்சி, பின்னர் பணிபுரியும் நாடுகளுக்கே மாற்றப்பட்டது. பயிலுநர் உள்ளூர்க் குடும்பங்களுடன் தங்கும் முறையும் பரவியது. அது சரியான திசையில் வைக்கப்பட்ட அடி. அடுத்த அடியாக, சேவைக்காலம் முழுவதும் ஊரிலேயே ஊதியம் பெறும் மொழியாசிரியர் ஒருவர் தொண்டருக்கு அமர்த்தப்படவேண்டும். முதல் ஆறு மாதங்களுக்கேனும், கட்டிய கட்டடத்தையன்றிக் கற்ற மொழியையே அவர் பணியின் அளவுகோலாகக் கொள்ளவேண்டும்.

செலவு மிகும் என்பர். அச்செலவு இன்றும் செய்யப்படுகின்றது; ஆனால் அதனைச் சுமப்போர் ஊரார். தமக்கு அரைகுறையாகத் தெரிந்த ஆங்கிலத்தைத் தேடிப் பேசுபவர் அவர்களே. மொழிபெயர்க்கத் தம் பிள்ளைகளை அனுப்புபவரும் அவர்களே. மொழி கல்லாத தொண்டர் ஊருக்குச் செய்யும் தொண்டினும் ஊர் அவருக்குச் செய்யும் தொண்டே பெரிது. உதவ வந்தவர் முதலிற் கற்க வந்தவராதல் வேண்டும்.