நாலு மணி நேரம் இடதுபக்கம்

“சுத்திச் சுத்தித் தொடங்கின இடத்துக்கே வந்து நிக்கிறதுக்கு எதுக்கு மாமா டிக்கெட்?” என்பார் மாப்பிள்ளை. அவர் ஃபார்முலா ஒன் கட்சி. ஜப்பானில் பந்தயம் என்றால் நடுராத்திரிக்கு அலாரம் வைத்து எழுந்து உட்காருகிறவர். நாஸ்கார் என்ற அமெரிக்கக் கார் பந்தயம் என்றாலே அவருக்கு இளப்பம். முட்டை வடிவத் தடம், இடதுபக்கம் மட்டுமே திருப்பம், உரசி இடித்துக்கொண்டு ஓடும் தடித்தடியான கார்கள், மொத்தத்தில் பட்டிக்காட்டு விளையாட்டு. அமெரிக்காவில் படித்த நகரத்துக்காரர்கள் பலரும் இதையே கொஞ்சம் நாசூக்காகச் சொல்கிறார்கள். கூடவே, “அங்க போறவங்க விபத்து நடக்காதான்னு பார்க்கத்தான் போறாங்க” என்று ஒரு தீர்ப்பும் உண்டு.

அந்தத் தீர்ப்பை நான் ஏற்கமாட்டேன். கோவையில் அரசுப் பேருந்து டிப்போவில் மெக்கானிக்காகச் சேர்ந்து ஃபோர்மேனாக ஓய்வு பெற்றவன் நான். மகள் வீடு வட கரோலினா மாநிலத்தில், கன்கார்ட் என்ற ஊரில். சார்லட் மோட்டார் ஸ்பீட்வே அங்கேதான் இருக்கிறது. பந்தய ராத்திரியில் வாசலில் நின்றாலே சத்தம் கேட்கும். பெரிய அணிகளின் பட்டறைகளில் பெரும்பாலானவை கன்கார்டிலும் பக்கத்தில் மூர்ஸ்வில்லிலுமாக இந்தச் சுற்றுவட்டாரத்திலேயே அடங்கிவிடும். எனவே இது ஒரு டிப்போக்காரனின் கருத்து: அந்தக் கூட்டம் வேலை நடப்பதைப் பார்க்கத்தான் காசு கொடுத்து வருகிறது. ஓட்டுகிற வேலை, ரிப்பேர் பார்க்கிற வேலை, இரண்டுக்கும் நடுவில் நடக்கிற வாக்குவாதம்.

மே கடைசியில் இங்கே கோகோ கோலா 600 நடக்கும். 1960 முதல் நடந்துவருகிற பந்தயம். ஒன்றரை மைல் தடத்தில் 400 சுற்று, மொத்தம் 600 மைல். கோவையிலிருந்து சென்னைக்குப் போய்த் திரும்புகிற தூரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த வீட்டுப் பெரியவர் என்னைக் கூட்டிப்போனார். ஐஸ் போட்ட பையில் பீரும் கோழி வறுவலும் எடுத்துவந்தார். அங்கே அதற்குத் தடையில்லை. உட்கார்ந்ததும் ஒரு ஹெட்போனை என் தலையில் மாட்டி, இடுப்பில் செருகிக்கொள்ள ஸ்கேனர் என்ற சின்னப் பெட்டியைக் கொடுத்து, ஒரு கார் எண்ணை அமுக்கிவிட்டார்.

அதற்கப்புறம் நான் பார்த்தது வேறு பந்தயம். ஓட்டுநரும் அவருடைய அணியும் பேசிக்கொள்வது அப்படியே காதில் விழுகிறது. யார் வேண்டுமானாலும் கேட்கலாம், எதிரணியும் கேட்கலாம். அவர்கள் பேசும் தெற்கத்தி ஆங்கிலம் எனக்குப் பாதிதான் புரிந்தது. புகார் முழுக்கப் புரிந்தது. வளைவில் முன்பக்கம் திரும்பவே மாட்டேன் என்கிறது, சுவரைப் பார்த்துப் போகிறது என்று ஓட்டுநர் கத்துகிறார். இதற்கு அவர்கள் ‘டைட்’ என்பார்கள். பின்பக்கம் வழுக்கிக்கொண்டு முன்னால் வரப் பார்த்தால் ‘லூஸ்’. “வளைவுக்குள்ள நுழையும்போதா, நடுவிலயா, வெளிய வரும்போதா?” என்று அணித் தலைவர் நிதானமாகக் கேட்கிறார். நான் வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். டிப்போவில் ‘ஸ்டியரிங் இழுக்கிறது’ என்று எழுதிப் போட்டுவிட்டுப் போகும் ஓட்டுநரை நிறுத்தி, எந்தப் பக்கம் இழுக்குது, லோடோடயா காலியாவா, பிரேக் போட்டாலா போடாமலேயேவா என்று என் வேலைக்காலம் முழுக்கக் கேட்டவன் நான்.

அந்தப் புகாருக்கு மருந்து ‘பிட்’டில், பந்தய நடுவே கார் வந்து நிற்கும் இடத்தில் கிடைக்கிறது. சுவரைத் தாண்டி ஐந்து பேர் குதிக்கிறார்கள். இரண்டு பேர் சக்கரம் கழற்ற, ஒருவர் டயர் சுமக்க, ஒருவர் ஜாக்கி, ஒருவர் பெட்ரோல். முதலில் வலதுபக்கம், பிறகு இடதுபக்கம். ஜாக்கியை ஓரிரு முறை அமுக்கினால் ஒரு பக்கம் முழுசாக எழும்பி நிற்கிறது. 2022-ல் புதுக் கார் வரும்வரை சக்கரத்துக்கு ஐந்து நட்டு. இப்போது நடுவில் ஒன்றே ஒன்று. நாலு டயரும் பெட்ரோலும் முடிய ஏறக்குறைய பத்து விநாடி. அதற்குள் டயர் காற்றைக் கொஞ்சம் மாற்றியிருப்பார்கள், தேவைப்பட்டால் பின் கண்ணாடி வழியாக நீளமான ஸ்பேனரை விட்டு ஸ்பிரிங்கின் இறுக்கத்தையும் ஒரு சுற்று மாற்றியிருப்பார்கள். பஸ்ஸுக்குப் பத்து நட்டு, இரும்புக் குழாயை மாட்டித் தொங்கினாலும் அசையாத பத்து நட்டு என்று வாழ்ந்தவனுக்கு இது கண்கொள்ளாக் காட்சி. இப்படிக் குதிக்கிறவர்களில் கல்லூரியில் அமெரிக்கக் கால்பந்து ஆடிவிட்டு வந்தவர்கள் பலர் உண்டு.

அப்புறம் வெயில். 600 மைல் பந்தயம் மாலை வெயிலில் தொடங்கி ராத்திரியில் முடியும். வெயிலில் கொதித்த தார் இருட்டியதும் குளிர்கிறது, டயரின் பிடிமானம் மாறுகிறது. மாலையில் மற்றவர்களைத் திணறடித்த கார் ராத்திரி பத்து மணிக்கு முட்டாளாகிவிடும். மதியமே இதைக் கணக்குப் போட்டுவைத்த அணி மெல்ல மெல்ல முன்னால் வரும். டிவியில் பார்க்கிறவருக்கு இவ்வளவும் ‘சுத்திச் சுத்தி’.

ஓட்டுநரின் கண்ணுக்குப் பக்கவாட்டில் எதுவும் தெரியாது. இருக்கையும் கழுத்துப் பட்டையும் தலையைத் திரும்ப விடாது. மேலே கூரையில் நிற்கும் ஸ்பாட்டர் சொல்லித்தான் தெரியும்: வெளிப்பக்கம் ஒருத்தன், இன்னும் இருக்கான், கிளியர். நம்மூர் நடத்துநர் படியில் தொங்கியபடி தட்டும் தட்டலை நம்பி ஓட்டுநர் பஸ்ஸைப் பின்னால் எடுப்பாரே, அந்த நம்பிக்கையை மணிக்கு முந்நூறு கிலோமீட்டர் வேகத்தில் வைக்கிறார்கள்.

நாஸ்கார் பிறந்ததே இப்படி வண்டியில் கை வைக்கிறவர்களிடம்தான். தென்மாநில மலைகளில் வரி கட்டாத கள்ளச்சாராயம் காய்ச்சி, ராத்திரியில் காரில் கடத்தியவர்கள், போலீஸ் காரை முந்துவதற்காக எஞ்சினையும் ஸ்பிரிங்கையும் திருத்தினார்கள். யார் கார் வேகம் என்ற போட்டி வயல்வெளித் தடங்களுக்கு வந்தது. பில் ஃபிரான்ஸ் என்பவர் 1947 டிசம்பரில் டேடோனா கடற்கரை ஹோட்டல் ஒன்றில் ஆட்களைக் கூட்டிப் பேசி, அடுத்த பிப்ரவரியில் நாஸ்காரைத் தொடங்கினார். 1949 ஜூன் 19 அன்று சார்லட்டில் மண் தடத்தில் நடந்தது, ஷோரூமிலிருந்து வந்தபடியே ஓடவேண்டிய கார்களுக்கான முதல் பந்தயம். முதலாவதாக வந்தவர் கிளென் டனவே. சோதித்தால் பின் ஸ்பிரிங்கில் வேலை பார்த்திருக்கிறார்கள், சரக்கு ஏற்றினாலும் வண்டி தொங்காமலிருக்கச் சாராயக்காரர்கள் செய்கிற அதே வேலை. அவரைத் தள்ளிவிட்டு ஜிம் ரோப்பருக்கு வெற்றியைக் கொடுத்தார்கள். முதல் பந்தயமே லீஃப் ஸ்பிரிங் விவகாரத்தில் முடிந்த விளையாட்டு எனக்குப் பிடிக்காமல் போகுமா?

ஜூனியர் ஜான்சன் இன்னும் ஒரு படி மேல். அப்பாவின் சாராய அடுப்பருகே பிடிபட்டு ஜெயிலுக்குப் போய் வந்தவர். 1960 டேடோனா 500 பந்தயத்துக்கு அவருக்குக் கிடைத்தது வேகம் குறைந்த செவ்ரலே. பயிற்சியில் ஒரு வேகமான கார் முந்திப் போகும்போது அதன் வாலில் ஒட்டிக்கொண்டார், பிரியவே இல்லை. முன் கார் காற்றைக் கிழித்துக் கொடுக்க, பின் கார் சும்மா வருகிறது. அந்தப் பந்தயத்தை அவரே ஜெயித்தார். இன்றைக்கு டேடோனா, டலடிகா தடங்களில் கார்கள் மூட்டையாகச் சேர்ந்து ஓடுவதற்கு அன்றைக்கு அவர் கண்டுபிடித்ததே அடிப்படை. அந்தப் பழைய சாராயக் குற்றத்துக்கு 1986-ல் ஜனாதிபதி ரீகன் அவருக்கு மன்னிப்பும் வழங்கினார்.

ரசிகர்களின் விசுவாசத்தைச் சொல்லவேண்டும். இங்கே கார் எண் குலதெய்வம் மாதிரி, அப்பாவிடமிருந்து வருவது. பக்கத்து ஊர் கன்னபோலிஸ், துணி மில் ஊர். டேல் எர்ன்ஹார்ட் அந்த ஊர்ப் பையன். ஒன்பதாம் வகுப்போடு பள்ளியை விட்டவர். அவருடைய அப்பாவும் மில்லில் வேலை பார்த்துப் பந்தயத்துக்கு வந்தவர். எண் 3, கறுப்புக் கார், ஏழு சாம்பியன் பட்டங்கள். டேடோனா 500 மட்டும் கைக்கு எட்டவில்லை; 1998-ல் இருபதாவது முயற்சியில் கிடைத்தபோது எல்லா அணிக்காரர்களும் பிட் சாலையில் வரிசையாக நின்று கை கொடுத்தார்கள். 2001-ல் அதே பந்தயத்தின் கடைசிச் சுற்றில் சுவரில் மோதி இறந்தார். அந்த வருஷம் பந்தயத்துக்குப் பந்தயம் மூன்றாவது சுற்றில் கூட்டம் எழுந்து நின்று மூன்று விரலை உயர்த்தியது. அப்புறம்தான் கழுத்துப் பட்டை கட்டாயமானது. சுவர்களை மோதலைத் தாங்கும் விதமாக மாற்றும் வேலையும் வேகம் பிடித்தது. விபத்து பார்க்க வருகிற கூட்டம் ஒரு விபத்துக்காக வருஷம் முழுக்க எழுந்து நிற்குமா? கார்கள் மோதும்போது எல்லோரும் எழுந்துகொள்கிறார்கள் என்பது நிஜம்; நானும் எழுந்தேன். ஆனால் ஸ்கேனரில் “நல்லா இருக்கேன்” என்ற குரல் வரும்வரை யாரும் உட்காரவில்லை.

2022 அக்டோபரில் மார்ட்டின்ஸ்வில்லில் ராஸ் சாஸ்டெய்ன் செய்தது ரசிகர்களை உலுக்கிவிட்டது. தர்பூசணி விவசாயக் குடும்பத்துப் பையன். கடைசிச் சுற்றில் இரண்டு இடமாவது முன்னேறினால்தான் இறுதிப் பந்தயத்துக்குத் தகுதி. பிரேக்கே போடாமல், ஆக்ஸிலேட்டரை முழுக்க மிதித்து, காரை வெளிச்சுவரில் சாய்த்துத் தேய்த்தபடியே வளைவைக் கடந்தார். ஐந்து கார்களைத் தாண்டிவிட்டார். சின்ன வயதில் வீடியோ கேமில் செய்து பார்த்ததாம். அடுத்த வருஷம் முதல் அது தண்டனைக்குரியது என்று நாஸ்கார் அறிவித்தது. அறிவித்தது சரி. ஒருமுறை நடந்ததும் சரி.

குறையே இல்லையா? இருக்கிறது, சின்னக் குறையும் அல்ல. வெண்டல் ஸ்காட் என்ற கறுப்பினத்தவர், தன் காரைத் தானே ரிப்பேர் பார்த்து ஓட்டியவர், 1963 டிசம்பரில் ஜாக்சன்வில்லில் ஜெயித்தார். கொடியும் கோப்பையும் பக் பேக்கர் என்ற வெள்ளையருக்குப் போயின. கணக்குத் தப்பு என்று பிற்பாடு ஒத்துக்கொண்டார்கள். கோப்பை ஸ்காட் குடும்பத்தின் கைக்கு வந்தது 2021-ல், அவர் இறந்து முப்பது வருஷம் கழித்து. அடிமை முறையைக் காக்கப் போரிட்ட தென்மாநிலங்களின் கொடியை மைதானங்களில் தடை செய்யவே 2020 ஆயிற்று. அந்தக் கொடி பறந்த காலத்தில் என்னைப் போன்ற நிறத்தவன் அங்கே எப்படி உட்கார்ந்திருப்பான் என்று மாப்பிள்ளை கேட்டால் என்னிடம் பதில் கிடையாது.

நம்ம கோயம்புத்தூர் நரேன் கார்த்திகேயனும் 2010-ல் நாஸ்காரின் டிரக் பந்தயத்தில் ஓட்டினார். முழு சீசன்கூட ஓட்டவில்லை. ஆனால் அந்த வருஷம் டிரக் பிரிவில் ரசிகர் வாக்கில் மிகப் பிரபலமான ஓட்டுநர் அவர்தான். ஃபார்முலா ஒன் ஆளான மாப்பிள்ளைக்கு இதை நான் அடிக்கடி ஞாபகப்படுத்துவேன்.

நடத்துகிறவர்களிடம் எனக்கு ஒரு வழக்கு உண்டு. டிவிக்காரர்களுக்குப் பரபரப்பு வேண்டுமென்று, வருஷம் பூராவும் ஓடிய ஓட்டத்தை ஒதுக்கி, நாலு பேர், ஒரே பந்தயம், அதில் யார் முன்னால் வருகிறாரோ அவருக்கே பட்டம் என்ற முறையை 2014-ல் கொண்டுவந்து, 2025 வரை வைத்திருந்தார்கள். பக்கத்து வீட்டுப் பெரியவரிடம் இந்தப் பேச்சை எடுத்தால் பீரைக் கீழே வைத்துவிடுவார். அவர் கோபம் நியாயமானது. முப்பத்தாறு வாரம் நட்டு இறுக்கியவனின் வருஷத்தை ஒரு ஞாயிற்றுக்கிழமை தீர்மானித்தது எந்தப் பட்டறை நியாயம்?

அந்தப் பக்கம் போகிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். மைதானத்தில் ஸ்கேனர் வாடகைக்குக் கிடைக்கும், சாப்பாட்டுச் செலவைக் குறைத்தாவது எடுங்கள். முதல் ஐந்தில் ஓடுகிற எண்ணைப் போடாதீர்கள். ஜெயிக்கிறவர்கள் அதிகம் பேசமாட்டார்கள். இருபதாம் இடத்தில் திட்டிக்கொண்டே ஓட்டுகிற ஒருவரைப் பிடியுங்கள். கார் டைட்டா லூஸா என்று அவரும் அணித் தலைவரும் அடித்துக்கொள்ளும் சண்டையில் நாலு மணி நேரம் போவதே தெரியாது.