ஊசி எடுத்தா ஆம்பளை இல்லையா?

நண்பர்களே, சிரிக்காமல் படிக்க வேண்டும் என்று முதலிலேயே கேட்டுக்கொள்கிறேன். மெக்கானிக்கல் இறுதியாண்டு படிக்கும் நான் ஒரு கம்பளி ஸ்வெட்டர் பின்னினேன். குன்னூரில் இருக்கும் அக்காவின் ஒன்றரை வயசுக் குழந்தைக்கு! ஹாஸ்டலில் "என்னடா, பாட்டி ஆயிட்டியா?" என்றார்கள். அதைக்கூட விடுங்கள். லீவில் வீட்டுக்குப் போனால், அப்பா ஒன்றுமே சொல்லாமல் பேப்பரைத் தூக்கி முகத்தை மறைத்துக்கொண்டார்.

பெரு நாட்டில் டிட்டிகாகா ஏரி, கடல் மட்டத்துக்கு மேல் 3,800 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அதில் தக்கீலே என்றொரு தீவு. அங்கே ஊசிப் பின்னல் ஆண்களின் வேலை. பையன்கள் சின்ன வயசிலேயே கற்றுக்கொண்டு தங்கள் நீளத் தொப்பியைத் தாங்களே பின்னுகிறார்கள். தொப்பி முழுக்கச் சிவப்பு வேலைப்பாடு என்றால் கல்யாணம் ஆனவன். மேல்பாதி வெள்ளை என்றால் ஆகாதவன். பெண்கள் தறியில் நெய்கிறார்கள். இந்தத் தீவின் துணிக் கலையை 2005-ல் யுனெஸ்கோ மனிதகுலத்தின் வாய்மொழி, அருவப் பாரம்பரியத்தின் தலைசிறந்த படைப்புகளில் ஒன்றாக அறிவித்தது. இத்தனைக்கும் ஊசிப் பின்னல் ஸ்பானியர்கள் கொண்டு வந்தது. வந்ததை இவர்கள் தங்கள் வழிக்குத் திருப்பிக்கொண்டார்கள்.

அந்த வழிதான் என்னை இழுத்தது. நூலைக் கழுத்தைச் சுற்றிப் போட்டுக்கொள்கிறார்கள், இல்லாவிட்டால் நெஞ்சில் குத்திய ஊக்கு வழியாக விடுகிறார்கள். இடது கட்டைவிரலால் ஒரு தட்டு, ஒரு கண்ணி விழுந்தது! நூலின் இழுவிசையைக் கழுத்தே பார்த்துக்கொள்கிறது. துணியின் உள்பக்கம் பின்னுகிறவனைப் பார்த்தபடி இருப்பதால், நிறம் மாறும்போது கடந்து போகும் இழைகள் எல்லாம் கண்ணெதிரே. இது ஒர்க்‌ஷாப் இல்லையென்றால் வேறு எது ஒர்க்‌ஷாப்?

கணக்கும் உண்டு. குழந்தையின் மார்பு 20 அங்குலம், தளர்ச்சிக்கு 2. அங்குலத்துக்கு 7 கண்ணி. ஆக 154. முன்பக்கம் வெட்டுவதற்கு 6 சேர்த்து 160. ஆமாம், வெட்டத்தான்! வட்டமாகவே பின்னி, நடுவில் இருபக்கமும் மிஷின் தையல் போட்டு, கத்தரியால் வெட்டிப் பட்டன் வைப்பது. இது நார்வே, ஸ்காட்லாந்து பக்கத்து வித்தை, தக்கீலே முறை அல்ல. ஒன்றரை மாச உழைப்பில் கத்தரி வைத்தபோது கை நடுங்கியதை மறைக்கமாட்டேன்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். அவர்கள் தொப்பியில் உள்ள கோலத்தை நான் எடுக்கவில்லை. அந்தக் கோலங்களுக்கு அங்கே அர்த்தம் உண்டு. காப்பியடித்து "பெரு டிசைன்" என்று விற்பது எனக்கு உடன்பாடில்லை. கையின் முறையைக் கற்றேன், படிக்கட்டு வடிவத்தை நானே கிராஃப் தாளில் போட்டேன்.

ஃபைலிங், வெல்டிங் தெரிந்தவன் கெட்டிக்காரன், பின்னத் தெரிந்தவன் கேலிக்காரனா? யார் போட்ட கோடு இது?

முடித்த அன்று ஸ்வெட்டரை மேஜையில் வைத்திருந்தேன். அப்பா வந்தார். எடுத்தார். உள்பக்கத்தைத் திருப்பி வெளிச்சத்தில் பிடித்தார். "இங்க இழை நீளமா தொங்குது பாரு, கொழந்தை விரல் மாட்டிக்கும்" என்றார். நாலு கண்ணிக்கு மேல் எங்கும் விடவில்லை என்று வாதாடினேன். எண்ணிப் பார்த்தால், ஒரு இடத்தில் ஆறு! அன்று ராத்திரியே அதை ஊசி நூலால் அடக்கித் தைத்தேன். டார்ச் அடித்தது அப்பாதான்.