போதும் என்னும் சொல்

தானங்களுக்குள் அன்னதானமே சிறந்தது என்பதற்கு நம் பெரியோர் ஒரு காரணம் கூறுவதுண்டு. பொன்னைக் கொடுத்தாலும் பூமியைக் கொடுத்தாலும் வாங்குகிறவன் வாயிலிருந்து "போதும்" என்ற சொல் வராது. சோறு போட்டால் மட்டுமே வரும். அத்தனை அருமையான சொல்லை நம் வீடுகளில் எப்படி நடத்துகிறோம்? விருந்தாளி "போதும்" என்றால், "இன்னும் இரண்டு கரண்டி போடலாம்" என்று அதற்குப் பொருள் செய்துகொள்கிறோம்!

சில மாதங்களுக்கு முன் இராயபுரத்தில் ஒரு நண்பர் வீட்டில் நமக்கு விருந்து நடந்தது. காசிமேட்டில் அன்று காலை வாங்கிய வஞ்சிரம்; குழம்பின் மணம் தெருமுனைக்கே வந்து நம்மை எதிர்கொண்டு அழைத்தது. மூன்றாம் முறை சோறு வந்தபோது இரு கைகளாலும் இலையை மறைத்துக்கொண்டோம். நண்பரின் தாயார், "கையை எடு தம்பி, இதெல்லாம் ஒரு சாப்பாடா?" என்றார். கையை எடுத்தோம். அதன் பலனை மாலை ஆறு மணி வரையில் பாயில் படுத்தபடி அநுபவித்தோம்.

ஆயினும் அந்த அம்மையாரைக் குறைகூற நமக்கு மனம் வரவில்லை. அவருடைய கணவர் துறைமுகத்தில் மூட்டை சுமந்தவர். பொழுது விடிந்து பொழுது சாயும் வரை பாரம் சுமந்த உடம்புக்கு மலைபோல் சோறு வேண்டியிருந்தது. மகனோ அதே துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறார். சென்னைத் துறைமுகத்தில் 1983-ஆம் ஆண்டில் கன்டெய்னர் முனையம் ஏற்பட்டது. அந்தச் சரக்கெல்லாம் மனிதன் முதுகை விட்டு யந்திரத்தின் இரும்புக் கைக்கு மாறிற்று. தகப்பனார் உண்ட அளவு மட்டும் மகனுடைய தட்டில் மாறாமல் இருக்கிறது. எண்ணூரிலும் திருவொற்றியூரிலும் ஆலைத் தொழிலை நம்பிய குடும்பங்கள் பலவற்றில் இதே கதைதான். இரவு முறை வேலை பார்ப்பவர்களுக்கோ, எது காலைப் பலகாரம், எது இராச் சாப்பாடு என்ற கணக்கே தவறிப்போகிறது.

இதன் விளைவை வைத்தியர்கள் அறிவார்கள். டாக்டர் எம். விசுவநாதன் 1948-இல் ஸ்டான்லி ஆஸ்பத்திரியில் நீரிழிவு நோயாளிகளுக்கென்று தனிப் பிரிவு தொடங்கியதும், 1954-இல் அந்நோய்க்கென்றே ஓர் ஆஸ்பத்திரியை இராயபுரத்தில் நிறுவியதும் இந்த வடசென்னையில்தான். 2023-இல் வெளியான தேசிய ஆய்வு ஒன்று, இந்தியாவில் பத்துக் கோடிக்கு மேற்பட்டோருக்கு நீரிழிவு இருப்பதாகக் கணக்கிட்டது. மிதமிஞ்சிய உணவு ஒன்றே இதற்குக் காரணம் அன்று. பரம்பரையும் உண்டு, உழைப்புக் குறைவும் உண்டு. ஆனால் இம்மூன்றில் நம் சமையலறையிலேயே திருத்தக்கூடியது உணவின் அளவுதான். திருவள்ளுவர் "மருந்து" என்று ஓர் அதிகாரத்துக்குப் பெயரிட்டுவிட்டு, அதில் பெரும்பாலும் உணவின் அளவையும் பசியையும் பற்றியே பேசியதன் கருத்தும் இதுவாகவே இருக்கலாம்.

வயிறு நிறைந்த செய்தி மூளைக்கு உடனே எட்டுவதில்லை. இரைப்பை விரிவதாலும், குடலில் சுரக்கும் சில பொருள்களாலும் அச்செய்தி புறப்படுகிறது. அது முழுதும் போய்ச் சேர ஏறக்குறைய இருபது நிமிஷமாகும் என்கிறார்கள். பத்து நிமிஷத்தில் அள்ளிப் போட்டுக்கொண்டு எழுந்திருப்பவன், தபால்காரன் வருமுன்னே வீட்டைப் பூட்டிக்கொண்டு போகிறவனுக்கு ஒப்பாவான்.

காந்தியடிகள் 1915-இல் ஹரித்துவாரக் கும்பமேளாவின்போது, நாளொன்றுக்கு ஐந்து பண்டங்களுக்கு மேல் உண்பதில்லை என்றும், இருட்டிய பின் உண்பதில்லை என்றும் விரதம் பூண்டார். அத்தனை உறுதி நமக்கு ஏது? நம்மைப் போன்றவர்களுக்குச் சில சில்லறைப் பழக்கங்களே போதும்.

சோற்றுப் பானை சமையலறையிலேயே இருக்கட்டும். எழுந்து போய்த்தான் மறுசோறு வாங்கவேண்டும் என்றால் பாதி ஆசை தானே அடங்கிவிடும். முதலில் பொரியலையும் கீரையையும் உண்டு, பிறகு சோற்றில் கை வைக்கலாம். மீன் குழம்பு வாய்த்த நாளில், குழம்பை முடிக்கச் சோறு, சோற்றை முடிக்கக் குழம்பு என்று முடிவில்லாத வழக்கு நடப்பது எல்லோரும் அறிந்ததே. மீன் துண்டு ஒன்று கூடுதலாக இருக்கட்டும், சோறு ஒரு கரண்டி குறையட்டும், வழக்கு ராஜியாகிவிடும். கைப்பேசியையோ டெலிவிஷனையோ பார்த்துக்கொண்டு உண்பவர்கள், தம்மை அறியாமல் அதிகம் உண்கிறார்கள் என்பது ஆராய்ச்சிகளில் கண்ட உண்மை. கண் இலையில் இருந்தால்தான் வயிற்றின் குரல் காதில் விழும்.

இல்லத்தரசிகளுக்கு ஒரு வார்த்தை. எல்லோருக்கும் பரிமாறிக் கடைசியில் உட்காரும் நீங்கள், மிஞ்சியது வீணாகக் கூடாதே என்று உங்கள் வயிற்றையே சேமப் பாத்திரம் ஆக்கிக்கொள்கிறீர்கள். அன்னத்தை எறியாத குணம், பஞ்சத்தைக் கண்ட தலைமுறைகள் நமக்கு விட்டுச்சென்ற சொத்து. அதைக் காப்பாற்ற வேறு வழி நம்மிடமே இருக்கிறது. பானையில் மிஞ்சியதில் தண்ணீரை ஊற்றி வையுங்கள். விடிந்தால் பழைய சோறும் நீராகாரமும் ஆயிற்று. கூடுமானால், எல்லோருடனும் சேர்ந்தே உட்கார்ந்துவிடுங்கள். மிச்சத்துக்குக் காவல் இருக்கும் வேலையே இராது.

இவ்வளவும் தட்டு நிறைந்தவர்களுக்குச் சொன்ன புத்திமதி. இதே வட்டாரத்தில் அரை வயிற்றோடு படுக்கும் குழந்தைகளும் உண்டு. அவர்களிடம் போய் மிதமாக உண்ணச் சொல்வது பெரும் பாவம். நாம் குறைத்துக்கொள்ளும் ஒரு கரண்டி அத்தகைய ஒரு வீட்டுக்குப் போகுமானால் இரண்டு பக்கமும் ஆரோக்கியம்.

சென்ற ஞாயிறு அதே நண்பர் வீட்டுக்கு மறுபடியும் போனோம். இதையெல்லாம் முன்னமேயே அந்த அம்மையாரிடம் பக்குவமாகச் சொல்லியிருந்தோம். இரண்டாம் கரண்டியில் "போதும்" என்றோம். அவர் உடனே கரண்டியை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார். உண்மையைச் சொன்னால், நமக்குக் கொஞ்சம் வருத்தமாகத்தான் இருந்தது.

இருபது நிமிஷத்தில் அது தீர்ந்துவிட்டது.