மூன்று எல்லைகள், ஒரே படை

தேவிகுளம், பீர்மேடு மலைகளிலும் நெல்லியாம்பதியிலும் உழைக்கும் நம் மக்களுக்குப் போரும் வல்லரசுப் போட்டியும் எட்டாத சங்கதிகள் என்று சிலர் சொல்கிறார்கள். நாம் அதை ஏற்கவில்லை. கங்காணிமார் திரட்டி வந்த கூட்டத்தில் ஒரு பிரிவு மூணாறு மலையேறியது. இன்னொரு பிரிவு கடல் தாண்டிக் கண்டிச் சீமைக்குப் போயிற்று. 1964-இல் சாஸ்திரியும் சிறிமாவோவும் 5,25,000 பேரை இந்தியாவுக்கு என்று பங்கு பிரித்தது அந்த இன்னொரு பிரிவைத்தான். அந்தத் தீவுக்கு இந்தியப் படை போன கதையை நாம் மறக்கலாகாது.

1987-ஐ எண்ணிப் பாருங்கள். சியாச்சின் பனிமலையில் 1984 முதல் நமது படை நிற்கிறது. ராஜஸ்தானத்தில் நடத்திய பிராஸ்டாக்ஸ் ஒத்திகை ஆண்டுத் தொடக்கத்தில் பாகிஸ்தானுடன் போர் மூளும் நிலைக்குக் கொண்டுபோய் விட்டது. அருணாசலத்தில் சும்துரோங் சூ பள்ளத்தாக்கில் சீனப் படையுடன் நேருக்கு நேர். இத்தனையும் இருக்கையில், ஜூலை 29-இல் கொழும்பில் ஒப்பந்தம் கையெழுத்தாகி, படை யாழ்ப்பாணத்தில் இறங்கியது. அமைதி காக்கப் போன படை அக்டோபரில் புலிகளோடு போர் தொடங்கியது. சில நாளில் முடியும் என்று கணக்குப் போட்டார்கள். பல்கலைக்கழக மைதானத்தில் இறக்கப்பட்ட சீக்கியப் படைப்பிரிவினர் 30 பேரில் 29 பேர் மாண்டனர். யாழ் மருத்துவமனைக்குள் நோயாளிகளும் மருத்துவர்களும் சுடப்பட்டனர். நகரைப் பிடிக்கவே இரண்டு வாரத்துக்கு மேல் ஆயிற்று. படையோ 70,000-க்கு மேல் பெருகிற்று. பிரேமதாசா வெளியேறச் சொன்ன பிறகு, 1990 மார்ச்சில் திரும்பியபோது ஏறக்குறைய 1,200 வீரர்கள் உயிரோடு இல்லை. மாண்ட தமிழ்ப் பொதுமக்களுக்குத் திட்டமான கணக்கே இல்லை.

எதற்காகப் போனோம்? திரிகோணமலை அந்நிய வல்லரசின் கைக்குப் போய்விடும் என்ற அச்சம் ஒரு முக்கியக் காரணம். ஒப்பந்தத்தோடு மாற்றிக்கொண்ட கடிதங்களிலேயே அது இருக்கிறது. அச்சம் பொய்யன்று, 1971 டிசம்பரில் அமெரிக்க எண்டர்பிரைஸ் கப்பல் வங்கக் கடலுக்குள் நுழைந்ததை நாடு கண்டது. டீகோ கார்சியாவில் அமெரிக்கத் தளம் இன்றும் இருக்கிறது. ஆனால் அத்தனை உயிரைக் கொடுத்துப் பெற்றது என்ன? 2017-இல் அம்பாந்தோட்டைத் துறைமுகம் 99 ஆண்டுக் குத்தகைக்குச் சீன நிறுவனத்திடம் போயிற்று. 2022 ஆகஸ்டில் டெல்லி மறுத்தும் சீனாவின் யுவான் வாங் 5 கப்பல் அங்கே வந்து நின்றது. அதே 2022 ஜனவரியில் திரிகோணமலை எண்ணெய்க் குதங்களில் இந்தியா பங்கு பெற்றதோ பேச்சுவார்த்தையால். ஒரு துப்பாக்கியும் வெடிக்கவில்லை!

இன்று நிலைமை இலேசாகிவிடவில்லை. 2020 ஜூனில் கல்வானில் 20 வீரர்கள் இறந்தபின், பல்லாயிரம் வீரர்கள் கூடுதலாக லடாக் குளிரில் நிறுத்தப்பட்டனர். 2025 மே மாதத்தில் பாகிஸ்தானோடு நான்கு நாள் மோதல். எதிரே பறந்தவை சீன விமானங்கள். இரண்டு எல்லை இனித் தனித்தனி எல்லையல்ல. 2025-26 பாதுகாப்புச் செலவு 6.81 லட்சம் கோடி ரூபாய். நாட்டைக் காக்க வேண்டாமென்று நாம் சொல்லவில்லை. ஆனால் 2022-இன் அக்னிபத் திட்டத்தில் சேரும் பிள்ளைகளில் நால்வரில் மூவர் நான்கே ஆண்டில் வீடு திரும்ப வேண்டியவர்கள் என்பதை, பிள்ளையை அனுப்பும் தாய்மார் அறிந்திருக்க வேண்டும்.

வல்லரசுகள் ஆடினால் நம் லயத்துக் கூரையும் ஆடும். 1991-இல் சோவியத் நாடு உடைந்தது. தென்னிந்தியத் தேயிலையின் பெரிய வாடிக்கையாளர் தளர்ந்து போனார். 1990-களின் கடைசியில் விலை வீழ்ந்து, பீர்மேட்டில் தோட்டங்கள் பூட்டப்பட்டன.

வெளிநாட்டுக்குப் படை அனுப்ப நாடாளுமன்றத்தின் முன் ஒப்புதல் இன்றும் சட்டப்படி கட்டாயமில்லை. அதைக் கட்டாயமாக்கக் குரல் கொடுப்பீர்களா என்று, இடுக்கிக்கும் ஆலத்தூருக்கும் வாக்குக் கேட்டு வரும் ஒவ்வொருவரிடமும், எந்தக் கொடியானாலும், லயத்து வாசலிலேயே நிறுத்திக் கேளுங்கள்.