கித்தாரும் எங்கள் காதுகளும்



என் பெறாமகன் தேவாலயப் பாடகர் குழுவில் மின் கித்தார் வாசிக்கிறான். சென்ற ஆண்டு பழைய அம்பிளிபயர் ஒன்றை வாங்கி வந்தான். கித்தார் வயரைச் செருகியதும் "டம்" என்றொரு சத்தம். அடுப்படியில் நின்ற அக்கா அப்படியே நிலத்தில் குந்திவிட்டார். 2009இல் பங்கருக்குள் கிடந்த உடம்பு அது.

"இந்தச் சாமான் இனி வீட்டில வேண்டாம்" என்றார் அக்கா. "மெதுவா வைச்சால் சப்பெண்டு கிடக்கு, சின்னம்மா" என்றான் அவன். இரண்டிலும் நியாயம் இருந்தது. கித்தார் பழக்கும் மாஸ்டரிடம் போய்க் கேட்டோம்.

அந்த "டம்", ஒலிக்குமிழ் உயர்ந்திருக்கும்போது வயரைச் செருகுவதால் வருவது. முதலில் குமிழைப் பூச்சியத்தில் வைக்க வேண்டும். பிறகு வயர், பிறகு சுவிச். கடைசியாகக் குமிழை மெல்ல மெல்லத் திருப்ப வேண்டும். நிறுத்தும்போதும் முதலில் பூச்சியம்தான்.

சப்பென்று கேட்பதற்கும் காரணம் உண்டு. ஒலி குறையும்போது தாழ்ந்த சுருதிகளை எங்கள் காது இன்னும் குறைவாகவே பிடிக்கும். பிளெட்சர், மன்சன் என்ற இரு ஆய்வாளர்கள் 1933இலேயே இதை அளந்து காட்டினார்கள். ஆகவே வீட்டில் சத்தத்தைக் கூட்டாமல் 'பாஸ்' குமிழைச் சற்றுக் கூட்டலாம். தேவாலயத்தில் உரத்து வாசிக்கும்போது அதைத் திரும்பக் குறைக்க வேண்டும். 'கெயின்', 'மாஸ்டர்' என இரு குமிழ்கள் இருந்தால், கரகரப்பான ஒலிக்கு முன்னதைக் கூட்டிப் பின்னதைக் குறைக்கலாம். பெட்டியை நிலத்தில் வைத்தால் ஒலி வாசிப்பவரின் முழங்காலுக்குத்தான் போகும். கேட்கவில்லையென்று அவர் கூட்டிக்கொண்டே போவார். கதிரையில் வைத்து, காதை நோக்கிச் சாய்த்துவிட்டால் குறைந்த ஒலியே போதும்.

எல்லையும் ஒன்று உண்டு. 85 டெசிபல் ஒலியை நாளொன்றுக்கு 8 மணித்தியாலத்துக்கு மேல் கேட்கக்கூடாது என்கிறார்கள். 3 டெசிபல் கூடும்போதெல்லாம் அந்த நேரம் பாதியாகும். 88க்கு 4 மணித்தியாலம், 91க்கு 2. அளக்கும் கருவி இல்லாவிட்டாலும் பரவாயில்லை. ஒரு கை தூரத்தில் நிற்பவரோடு கத்திப் பேச வேண்டியிருந்தால் சத்தம் கூடிவிட்டது என்று அறியலாம். வாசித்து முடிந்த பின்னும் காது இரைந்தால் மறுநாள் குறையுங்கள். ஷெல் சத்தத்தால் முன்பே காது பாதிக்கப்பட்டவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். இரைச்சல் நிற்காவிட்டால் வைத்தியரிடம் காட்டுங்கள்.

ஒருநாள் அக்கா சொன்னார்: "சத்தம் எனக்குப் பயமில்லை. திடீரெண்டு வாறதுதான் பயம்."

இப்போது பின்னேரங்களில் "அம்மா, போடப் போறன்" என்று சொல்லிவிட்டுத்தான் அவன் சுவிச்சைப் போடுகிறான். குமிழைத் திருப்புவது அக்கா. அவர் கை நிற்கும் இடமே எங்கள் வீட்டின் அளவு. சில நாட்களில் அவன் கேட்பதைவிடச் சற்றுக் கூடவே வைக்கிறார்.